கொடுக்கும் கையும் கேட்கும் செவியும்

பிறருக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. ஏழை ஊருக்குக் கிணறு வெட்டுவதும், பாதை போடுவதும், பள்ளிக்கூடம் கட்டுவதும் ஸவாபுக்குரிய காரியங்கள் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்த நன்மையை எவ்வாறு செய்வது என்று வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. அதை நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை. கிணற்றை எங்கே வெட்டுவது? பாதை எந்த வழியாகப் போக வேண்டும்? பள்ளிக்கூடம் முதலில் வேண்டுமா, மருந்தகம் முதலில் வேண்டுமா? இவற்றைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? பணம் கொடுக்கிறவருக்கா? திட்டம் வகுக்கும் நிபுணருக்கா? அல்லது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவருக்கா?

“ஊராரையும் கலந்து கொள்ளுங்கள்” என்று இக்காலத்தில் எல்லாரும் சொல்லுகிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆயினும் ஏன் கலந்துகொள்ள வேண்டும் என்று வினவினால் மூன்று விதமான பதில்கள் வருகின்றன. அது ஒரு மரியாதை என்பர் சிலர். அது ஓர் உபாயம், ஊராரைக் கேட்டுச் செய்தால் எதிர்ப்பு இராது, வேலையும் சுலபமாக முடியும் என்பர் வேறு சிலர். இவை இரண்டும் இல்லை, அது கடமை. கேட்கப்படுவது ஊராரின் உரிமை என்பது மூன்றாவது பதில்.

இந்த மூன்றுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. மரியாதை என்றால் அவசரம் வந்தபோது அதை விட்டுவிடலாம். உபாயம் என்றால் கேளாமலே வேலை முடியும்போது கேட்க வேண்டிய அவசியமில்லை. கடமை என்றாலோ, காரியம் கெட்டாலும் ஆனாலும் கேட்டே தீரவேண்டும். இம்மூன்றில் எது சரி என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மலாயா கண்ட இரு வழிகள்

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இம்மண்ணிலேயே, பத்தாண்டு இடைவெளியில், இரண்டு வழிகள் கையாளப்பட்டன.

1948-ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு உணவும் தகவலும் கிடைக்காமற் செய்யும் நோக்கத்துடன், 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரங்களில் பயிர் செய்து வாழ்ந்த மக்கள் பெயர்க்கப்பட்டு, முள்வேலியிட்ட புதுக் கிராமங்களிற் குடியேற்றப்பட்டனர். சுமார் 5 லட்சம் பேர், 400-க்கும் மேற்பட்ட கிராமங்கள். பெரும்பாலோர் சீனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஒன்று சேர்க்கப்பட்டு வேலிக்குள் அடைக்கப்பட்டன. அவர்களில் நம் தமிழர் அநேகர். விடியற்காலையிற் பட்டாளம் வந்து சூழ்ந்துகொள்ளும். எடுக்க முடிந்த சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். எங்கே போக விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை.

பின்னாளில் அந்தக் கிராமங்களிற் பலவற்றுக்குக் குழாய்த் தண்ணீரும் பள்ளிக்கூடமும் மருந்தகமும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர் நோக்கிலும் அத்திட்டம் பலித்தது என்றே சரித்திரக்காரர் பலர் எழுதுகின்றனர். அப்படியானால், வசதிகள் வந்துவிட்டபடியால் கேளாமற் செய்தது சரியாகிவிட்டதா? யுத்தகாலத்து அவசியம் என்று அதற்கு ஒருவர் சமாதானம் சொல்லலாம். ஆனால் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் அன்றோ? உரிமை எதுவும் மீறப்படாத இடத்தில் சமாதானத்துக்கு வேலை ஏது?

அவசரகாலம் 1960-இல் முடிவுற்றது. அதே காலத்தில் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் கிராம அபிவிருத்தி இலாகாவின் பொறுப்பை ஏற்று, “சிவப்புப் புத்தகம்” என்ற முறையைத் தொடங்கினார். மாவட்டந்தோறும் ஓர் அபிவிருத்திக் குழு அமைந்தது. தங்கள் கம்பத்துக்கு என்ன தேவை, பாதையா, பாலமா, கிணறா, சூராவா என்பதைக் கம்பத்தார் சொல்ல, அவை மாவட்டத்தின் சிவப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டுத் தேசப்படத்திற் குறிக்கப்பட்டன. துன் ரசாக் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, நடவடிக்கை அறையிலே தொங்கிய படத்தின் முன் நின்று, எது முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று அதிகாரிகளைக் கேட்டார். 1967-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. மக்களை வேலிக்குள் அடைக்கப் பயன்பட்ட நடவடிக்கை அறை, மக்கள் கேட்டதைச் செய்து முடிக்கும் அறையாக மாறியது இந்நாட்டுச் சரித்திரத்தில் ஒரு நல்ல திருப்பம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே நின்றுவிடக் கூடாது. தேவையைப் பட்டியலில் எழுதிக்கொள்வது ஒன்று. முடிவெடுப்பதிற் பங்கு கொடுப்பது மற்றொன்று. பட்டியல் எழுதச் சொன்னால், சர்க்கார் எதைக் கொடுக்கும் என்று தெரியுமோ அதையே மக்கள் எழுதுவார்கள். எழுதுகிறவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. கம்பத்தின் தலைவர் சொல்வது கம்பத்தின் குரலா, அவருடைய குரலா? இக்கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில், கேட்பது ஏன் கடமை என்று பார்ப்போம்.

மதீனாவின் பேரீச்சந் தோட்டத்தில்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அவ்வூர் விவசாயிகள் ஆண் பேரீச்சையின் பாளையை எடுத்துப் பெண் மரத்தின் பாளையிற் சேர்ப்பதைக் கண்டார்கள். அதனாற் பெரிய பயன் உண்டென்று தமக்குத் தோன்றவில்லை என்று சொன்னார்கள். விவசாயிகள் அந்தச் சொல்லைக் கட்டளையாக எண்ணி வழக்கத்தை நிறுத்திவிட, அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியதும் அண்ணலார், தாம் சொன்னது தம் கருத்து மட்டுமே என்றும், உலக விவகாரமான அக்காரியத்தை அவர்களே நன்கறிவர் என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த வரலாறு நம்மவர் பலரும் கேட்டதுதான். ஆனால் இதன் பொருளை நாம் முழுதும் உணர்ந்திருக்கிறோமா? வஹீ அருளப்பெற்ற நபியே, தோட்டக்காரரின் தொழிலறிவுக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். பட்டணத்திலிருந்து படம் வரைந்துகொண்டு வரும் பொறியாளருக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நமக்கும் அதைவிடப் பெரிய அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போருக்கு முன் அண்ணலார் ஓரிடத்திற் படையை இறக்கியபோது, ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்கள், இவ்விடம் இறைவனின் கட்டளையா அல்லது தங்கள் யோசனையா என்று பணிவாக வினவினார்கள். யோசனைதான் என்று அறிந்ததும், கிணறுகளுக்கு அருகே செல்வது நல்லது என்று எடுத்துரைத்தார்கள். நபியவர்கள் உடனே இடத்தை மாற்றினார்கள். கேள்வி கேட்டவரை அவர்கள் கோபிக்கவில்லை. கேட்கலாம் என்ற தைரியத்தை முன்னமே தம் நடத்தையால் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இவ்விரண்டு வரலாறுகளையும் “கேட்டாற் பலன் உண்டு” என்பதற்குச் சான்றாக, அதாவது உபாயக் கட்சிக்குச் சாதகமாக, ஒருவர் சொல்லலாம். ஆகவே மூன்றாவதாக உஹதைப் பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 3-இல் குறைஷிகள் படையெடுத்து வந்தபோது, மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்ப்பது நல்லது என்பது நபியவர்களின் கருத்து. இளைஞர் பலர் வெளியே சென்று போரிட விரும்பினர். ஆலோசனையில் அவர்கள் கருத்தே மிகுந்தது. நபியவர்கள் அதற்கு இணங்கினார்கள். உஹது மலையடியில் வில் வீரர் தங்கள் இடத்தை விட்டகன்றதால் நிலைமை மாறிற்று. ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட சுமார் 70 தோழர்கள் ஷஹீதானார்கள். அண்ணலாரும் காயமுற்றார்கள்.

இதற்குப் பின் உலகத் தலைவர் எவராயினும் என்ன சொல்லியிருப்பார்? இனி உங்களைக் கேட்கமாட்டேன் என்றிருப்பார். ஆனால் உஹதைப் பற்றியே பேசும் ஆல இம்ரான் அத்தியாயத்தில், 159-ஆம் வசனத்தில், அவர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுமாறும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும் அல்லாஹ் தன் தூதருக்குப் பணித்தான். இழப்பு நேர்ந்த காயம் ஆறுமுன்பே அந்தக் கட்டளை வந்தது! ஆலோசனை வெறும் உபாயமாக இருந்தால், உஹதுக்குப் பின் அது கைவிடப்பட்டிருக்க வேண்டும். கைவிடப்படவில்லை. ஆகவே அது உபாயமன்று. மஷூரா என்பது மனிதனுக்கு அல்லாஹ் கொடுத்த அறிவுக்குச் செலுத்தும் கடன். திருமறையின் ஓர் அத்தியாயமே, 42-ஆவது, “ஷூரா” என்ற பெயரைத் தாங்கி நிற்பதை நாம் மறக்கலாகாது.

கொடை யாருடையது?

“எங்கள் பணம், நாங்கள் தீர்மானிக்கிறோம்” என்று கொடுப்பவர் சொல்லலாம். இந்த எண்ணத்தையும் நம் மார்க்கம் சும்மா விடவில்லை. செல்வரின் பொருளில் ஏழைக்கு உள்ள பங்கைத் திருமறை உபகாரமாகப் பேசவில்லை, உரிமையாகப் பேசுகிறது. ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி ஸகாத் நிறைவேற வேண்டுமானால் அது ஏழையின் கையில் அவருடைய சொத்தாகவே ஒப்படைக்கப்பட வேண்டும். இதற்குத் தம்லீக் என்று பெயர். ஒப்படைத்த பின் அரிசி வாங்குவதா, கடனை அடைப்பதா என்பதை அவரே தீர்மானிப்பார். அவருக்கு அந்த அறிவு உண்டு என்று ஷரீஅத் நம்புகிறது. நாம் நம்ப மறுப்பது எதனால்?

வக்ஃபின் நிலைமை வேறு. அங்கே வக்ஃப் செய்தவர் இட்ட நிபந்தனை நிலைத்து நிற்கும். அவர் காலமான பின்னும் அதை எளிதில் மாற்ற முடியாது. அதனாலேயே வக்ஃபில் முன்கூட்டிக் கேட்பது இன்னும் அவசியமாகிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்து யோசனை கேட்ட பின்னரே அதை அறமாக்கினார்கள். கொடுக்க எண்ணியவரே முதலில் கேட்டார். அவசரப்பட்டு எழுப்பிய கட்டடத்தை ஐம்பது வருஷம் ஊர் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொமில்லாவின் பாடம்

இந்தக் கருத்து நடைமுறைக்கு ஒத்து வருமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். அவர்களுக்காகக் கொமில்லாவின் கதையைச் சொல்லுவோம்.

அக்தர் ஹமீத் கான் 1936-இல் ஐ.சி.எஸ். உத்தியோகத்திற் சேர்ந்தவர். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தின் கொடுமைக்குப் பின் அந்த உயர்ந்த பதவியைத் துறந்து, அலிகருக்கு அருகே ஒரு கிராமத்தில் கூலியாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் சில காலம் உழைத்தார். ஏழைகளைப் பற்றி அறிய அவர்களுடைய வேலையைத் தாமே செய்து பார்த்தவர் அவர். பின்னர் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்காள தேசத்தில், 1959-இல் கொமில்லாவில் நிறுவப்பட்ட கிராம அபிவிருத்திக் கலாசாலையின் தலைவரானார்.

கொமில்லாவைச் சுற்றியுள்ள கோத்வாலி தானா சுமார் 100 சதுர மைல் பரப்பும் 2 லட்சம் மக்களும் கொண்டது. கும்தி ஆறு பெருகினாற் பயிர் மூழ்கும். பழைய வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. அங்கே அவர் கையாண்ட முறை எளிமையானது. அதிகாரி கிராமத்துக்குச் சென்று உபதேசிப்பதற்குப் பதிலாக, கிராமத்தார் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தானா நிலையத்துக்கு வாரந்தோறும் அனுப்ப வேண்டும். அவர் கற்றுக்கொண்டு திரும்பிப் போய்த் தம் ஊராருக்குச் சொல்லுவார். ஊரார் சொன்னதை அடுத்த வாரம் நிலையத்துக்குக் கொண்டுவருவார். ஒவ்வொரு கிராமக் கூட்டுறவுச் சங்கமும் வாரம் ஒரு முறை கூட வேண்டும். ஒவ்வொருவரும் சிறு தொகையாவது சேமிக்க வேண்டும். 1961-62 வறட்சிக் காலத்தில் வாய்க்கால் தூரெடுக்கும் வேலை தொடங்கியபோது, எந்த வாய்க்காலை முதலில் வெட்டுவது என்பதில் உள்ளூர்ச் சபைகளின் சொல்லுக்கு இடம் இருந்தது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாய் அதில் நின்று நாற்று நட்டவரைவிட யார் அறிவார்? 1963-இல் அக்தர் ஹமீத் கானுக்கும் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

ஆனால் கதையின் பிற்பகுதியையும் சொல்லாவிட்டால் நாம் உண்மையை மறைத்தவராவோம். இம்முறையை நாடு முழுதும் பரப்பியபோது பல இடங்களிற் சங்கங்கள் நிலம் படைத்தவர் கைக்குப் போயின. கடன் அவர்களுக்குக் கிடைத்தது. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டாதவர்களும் அவர்களிற் பலர். நிலமில்லாக் கூலிகளுக்குச் சங்கத்தில் இடமே இல்லை. கிராமத்தைக் கேட்டோம் என்றார்கள். உண்மையிற் கேட்டது கிராமத்தின் பெரியவீட்டுத் திண்ணையை.

இங்கேதான் நாம் முன்பு ஒத்திவைத்த கேள்வி திரும்பி வருகிறது. ஊர் என்றால் யார்? ஒரே ஊரில் நிலக்காரர் வேண்டுவது வாய்க்கால். கூலிக்காரர் வேண்டுவது வேலை. வியாபாரி வேண்டுவது லாரி வரும் பாதை. வீட்டுப் பெண் வேண்டுவது வாசலுக்கு அருகே தண்ணீர். கூட்டம் போட்டு, வந்தவரை எண்ணி, கை தூக்கச் சொன்னால் கூலிக்காரர் வேலைக்குப் போயிருப்பார். பெண் அடுப்படியில் இருப்பார். வராதவரின் குரலைத் தேடிப் போய்க் கேட்பதும் கேட்கும் கடமையைச் சேர்ந்ததே.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் தோழர்கள் துக்கத்தில் ஆழ்ந்து, பலிப்பிராணிகளை அறுக்குமாறு சொல்லியும் எழாதிருந்தபோது, நபியவர்கள் தம் மனைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைத் தெரிவித்தார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தங்கள் பிராணியைத் தாங்களே அறுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று அந்த அம்மையார் யோசனை கூறினார்கள். அவ்வாறே நபியவர்கள் செய்ய, தோழர்கள் அனைவரும் எழுந்து பின்பற்றினார்கள். ஒரு சமூகம் தடுமாறி நின்ற வேளையில் வழி சொன்னது ஒரு பெண்மணி. நம் ஊர்ச் சங்கங்களின் கூட்டங்களில் அத்தகைய குரல் கேட்க வழி வைத்திருக்கிறோமா?

அக்தர் ஹமீத் கான் தம் அநுபவத்திலிருந்து பாடம் கற்றவர். 1980-இல் கராச்சியின் ஒராங்கி என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் பணி தொடங்கினார். அது நாட்டுப்புறமன்று; ஆயினும் பாடம் ஒன்றே. தெருக்களிற் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெரிய சங்கம் எதுவும் கூட்டவில்லை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தையே ஓர் அலகாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு சிறிய இடத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. யாரையும் ஒதுக்கவும் முடியாது. சந்து மக்கள் தாங்களே பணம் சேர்த்து, தாங்களே கழிவுநீர்க் குழாய் பதித்தனர். அவருடைய நிறுவனம் அளவையும் யோசனையும் கருவியும் கொடுத்தது. கண்டிராக்டர் இல்லாதபடியாற் செலவு பல மடங்கு குறைந்தது. பல்லாயிரம் வீடுகளுக்கு இவ்வாறு வழி பிறந்தது. அவர் 1999-இல் காலமானார்.

மூன்று ஆட்சேபனைகள்

கேட்டுக்கொண்டிருந்தால் காலம் வீணாகும் என்பது முதல் ஆட்சேபனை. உண்மைதான், காலம் ஆகும். ஆனால் கேளாமற் கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கும் காலத்தையும் அந்தக் கணக்கிற் சேர்க்க வேண்டும். வெள்ளமும் தீயும் வந்தபோது முதலிற் காப்பாற்ற வேண்டும், பிறகு கேட்கலாம்; அதை யாரும் மறுக்கவில்லை. எல்லா வேலையையும் வெள்ளமாகவும் தீயாகவும் காட்டுவதுதான் தவறு.

ஊரார் படிக்காதவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்பது இரண்டாவது. குழாயின் விட்டமும் கம்பியின் கனமும் பொறியாளரின் அறிவு. தண்ணீர் எவருக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பது ஊராரின் அறிவு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருக்க முடியாது. ஊரார் தவறாகச் சொல்லும் சமயமும் உண்டு. அப்போது நிபுணர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர் தம் அறிவை மறைக்காமல் விளக்கிச் சொல்லட்டும். கலந்தாலோசனை என்பதில் கேட்பதும் உண்டு, சொல்வதும் உண்டு. சொல்லிய பின்னும் அவர்கள் ஒப்பாவிட்டால்? பிறருக்குத் தீங்கில்லாத வரையில் அவர்களுடைய ஊர், அவர்களுடைய முடிவு. “வேண்டாம்” என்று சொல்ல முடியாதவனிடம் “வேண்டுமா” என்று கேட்பது கேள்வியாகுமா?

மூன்றாவது ஆட்சேபனையே கனமானது. ஊராரைக் கேட்டால் பெரிய மனிதர் தம் சுயநலத்தை ஊரின் பெயராற் சொல்லுவார். அதைவிட நடுநிலையான வெளியார் முடிவு செய்வது ஏழைக்கு நல்லதல்லவா என்கிறார்கள். கொமில்லாவைப் பார்த்த பின் இதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் இதற்கு மருந்து கேட்பதை நிறுத்துவதன்று. இன்னும் ஆழமாகக் கேட்பது. சிறு சிறு குழுக்களாகக் கேட்க வேண்டும். தனித்தும் கேட்க வேண்டும். வரவு செலவை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். வெளியாரின் நடுநிலைமைக்கு அங்கே வேலை உண்டு. பலவீனனின் குரல் சபையில் ஏறும்வரை காவல் நிற்பது அவர் வேலை. அவன் குரலுக்குப் பதிலாகத் தாம் பேசுவதன்று.

நம் வீட்டுக் கணக்கு

சர்க்காரையும் நிபுணரையும் பற்றிப் பேசிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமாகாது. கடல் கடந்து வந்து பிழைத்த நம் முன்னோர், தாம் உண்ணாமற் சேர்த்ததையும் பிறந்த ஊருக்கு அனுப்பினார்கள். பள்ளிவாசலும் மதரஸாவும் குளக்கரையும் அவர்கள் வியர்வையால் எழுந்தன. அந்த நல்ல வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இந்நாட்டிலேயே கம்பங்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் உதவி செய்யும் சங்கங்களும் உள.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். இங்கே ஒரு கூட்டத்தில் உற்சாகமாய்ப் பணம் சேர்கிறது. ஊரில் ஒரு மண்டபம் கட்டுவது என்று தீர்மானம் நிறைவேறுகிறது. படம் வரைகிறார்கள்; கல்வெட்டில் யார் யார் பெயர் வரவேண்டும் என்றும் பேசி முடிக்கிறார்கள். ஊரிலிருந்து ஒருவர், மழைக்காலத்தில் கீழத்தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, முதலில் வடிகால் வேண்டும் என்று எழுதுகிறார். வடிகாலில் யார் பெயரைப் பொறிப்பது? கடிதம் கோப்பில் உறங்குகிறது. மண்டபம் எழுகிறது. அதன் நிழலிலே கீழத்தெரு நனைகிறது. இதில் யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஓர் அநீதி நடந்துவிட்டது. கேட்டும் செவிசாய்க்காத அநீதி அது.

இன்னொன்றும் உண்டு. கோத்தோங் ரோயோங் என்று சொல்லி ஊராரை மண்வெட்டியுடன் வரச் சொல்லுகிறோம். அவர்களும் மகிழ்ச்சியோடு வருகிறார்கள். உடலுழைப்பைக் கேட்டோம், கருத்தைக் கேட்டோமா? தோளைக் கேட்டுத் தலையைக் கேளாதிருப்பது மனிதனைப் பாதியாக மதிப்பதாகும்.

ஆகவே நம் சங்கங்கள் சில காரியங்களை வழக்கமாக்கிக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. முதலாவது, பணம் சேர்க்குமுன் ஊரைக் கேட்க வேண்டும். சேர்த்த பின் கேட்பது அறிவிப்பேயன்றி ஆலோசனையன்று. இரண்டாவது, ஜமாஅத் நிர்வாகிகளின் கடிதம் ஒன்றே போதும் என்றிராமல், ஊருக்குப் போகும் உறுப்பினர் ஏழைத் தெருவிலும் இரண்டொரு நாள் நடந்து கேட்டு வர வேண்டும். பெண்களின் கருத்தை நம் வீட்டுப் பெண்கள் கேட்டறிய வேண்டும். மூன்றாவது, சிறிதேனும் ஊராரின் பங்கு அதில் இருக்க வேண்டும். தன் காசு கலந்த குழாயைத்தான் ஒருவன் பழுது பார்ப்பான். நான்காவது, வந்த வெள்ளி எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதைப் பள்ளிவாசற் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஐந்தாவது, ஊரார் வேறொன்றைக் கேட்டாலோ, வேண்டாமென்றாலோ நாம் மனத்தாங்கல் கொள்ளக் கூடாது.

இவ்வைந்தில் கடைசியானதே கடினம். பணம் கொடுப்பது கைக்கு வேலை. தன் விருப்பத்தை விட்டுக்கொடுப்பது நஃப்ஸுக்கு வேலை. முன்னதைச் செய்ய நம்மில் ஆயிரம் பேர் உண்டு. பின்னதைச் செய்வோர் சிலரே. ஆனால் பெறுபவன் கூசாமல் நிமிர்ந்து நிற்பது பின்னதனாலேதான். கொடை அவன் பசியைத் தீர்க்கும். நாம் அவனைக் கேட்டது அவன் மானத்தைக் காக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஊர் எழுந்து நிற்கிறது.

கொடுக்கும் கையை நமக்குத் தந்த வல்ல நாயன், கேட்கும் செவியையும் தந்தருள்வானாக! ஆமீன்.